தான்சானியாவுக்குக் குடிபோகிறோம்; பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்?

கேள்வி: என் கணவர் ஆறு மாதமாகத் தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் வேலை பார்க்கிறார். மூன்று வருட ஒப்பந்தம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நானும் பிள்ளைகளும் அங்கே போகிறோம். பெரியவனுக்கு 7 வயது, 22 கிலோ. சின்னவளுக்கு இரண்டரை வயது, 12 கிலோ. அங்கிருக்கும் நம்மவர்களில் சிலர், "மலேரியாவா? சளிக்காய்ச்சல் மாதிரிதான், மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டால் கிளம்பவே பயமாக இருக்கிறது. நானும் வேலைக்குப் போக நினைக்கிறேன்; பகலில் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வரும் பெண்தான் பார்த்துக்கொள்வார். டிசம்பரில் மாமியார் வந்து மூன்று மாதம் தங்குவார். அவர் இன்சுலின் போடுகிறார். தண்ணீர், சாப்பாடு, கொசு, மருந்து என்று எதை எப்படி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்? (திருச்சி வாசகி)

பதில்: சகோதரி, இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். மலேரியாவை முதல் நாளே கண்டுபிடித்தால் மூன்று நாள் மாத்திரையில் குணமாகிவிடும். அதையே மூன்றாம் நாள் கண்டுபிடித்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வேண்டி வரலாம். காய்ச்சல் தொடங்கி எத்தனை மணி நேரத்தில் ரத்தம் பார்த்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் காய்ச்சலைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

சென்னையில் நாம் கேள்விப்படும் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆட்டிப்படைக்கும், உயிரை எடுப்பது அரிது. தான்சானியாவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம். ரத்தச் சிவப்பணுக்களை மூளையின் நுண்குழாய்களில் ஒட்டவைத்து அடைத்துவிடக்கூடியது. காலையில் ஓடியாடிய குழந்தை மறுநாள் நினைவிழந்து கிடக்கலாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்து ஓரளவு எதிர்ப்பு சக்தி ஊறியிருக்கும். "சளிக்காய்ச்சல் மாதிரி" என்ற பேச்சு அவர்கள் அனுபவத்தில் பிறந்தது. திருச்சியில் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ அந்தச் சக்தி துளியும் கிடையாது. ஆறு மாதமாக அங்கிருக்கும் உங்கள் கணவருக்கும் கிடையாது.

ஆறுதலான செய்தியும் உண்டு. டார் எஸ் சலாம் நகருக்குள் மலேரியா கிராமப்புறத்தைவிடக் குறைவு. விக்டோரியா ஏரிப் பக்கமோ தெற்கே முத்வாரா பக்கமோ போனால் அதிகம். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்குமேல் இருக்கும் மலைப்பகுதிகளில் அநேகமாக இல்லை. ஆக, நகரத்து வீட்டில் இருக்கும்வரை ஆபத்து மிதமானது. மிக்குமி காட்டுக்கு வாரக்கடைசியில் போய் வந்த பத்தாவது நாள் வரும் காய்ச்சல் வேறு கணக்கு. கடித்த கொசுவிலிருந்து காய்ச்சல் வெளிப்படக் குறைந்தது ஏழு நாள் ஆகும். அதனால் ஊர் போய் வந்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

போய் இறங்கிய முதல் வாரத்தில், யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போவதற்கு முன்பே, ஒரு வேலை முடித்துவிடுங்கள். இரவிலும் ரத்தப் பரிசோதனைக்கூடம் இயங்குகிற, குழந்தை மருத்துவர் இருக்கிற மருத்துவமனை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முஹிம்பிலி தேசிய மருத்துவமனை, ஆகா கான் மருத்துவமனை ஆகியவை நகரின் பெரிய இடங்கள். ஆனால் வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மாலை நெரிசலில் பகமோயோ சாலையில் மாட்டிக்கொண்டால் சின்னத் தூரம்கூட ஒரு மணி நேரம் ஆகும். ஒருநாள் மாலை ஆறு மணிக்கும் ஒருநாள் இரவு பத்து மணிக்கும் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நால்வர் பெயரிலும் அட்டை போட்டு, கம்பெனி காப்பீடு அங்கே செல்லுமா, முன்பணம் கேட்பார்களா என்பதை விசாரியுங்கள். ஆம்புலன்ஸ் வரும் என்று காத்திருக்கும் திட்டம் வேண்டாம். கூப்பிட்டால் இரவிலும் வருகிற ஒரு டாக்ஸி ஓட்டுநரின் எண்ணைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

இனி, அந்த இரவு. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 37.5 டிகிரியைத் தாண்டுகிறது (ஃபாரன்ஹீட்டில் 99.5). நம் வீட்டு வழக்கம், பாரசிட்டமால் கொடுத்து "ராத்திரி பார்ப்போம், காலையில் டாக்டர்" என்பது. திருச்சியில் இது பெரும்பாலும் சரி. அங்கே சரியில்லை. மருந்து கொடுங்கள், கொடுத்துவிட்டு அன்றைக்கே பரிசோதனைக்குக் கிளம்புங்கள். பாரசிட்டமாலில் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதால் மலேரியா இல்லை என்று ஆகாது. சளியும் இருமலும் சேர்ந்திருக்கிறது என்பதாலும் இல்லை என்று ஆகாது.

அங்கே "ம்டோட்டோ அனா ஹோமா, நடாக்கா கிப்பிமோ ச்சா மலாரியா" என்று சொன்னால் போதும்: குழந்தைக்குக் காய்ச்சல், மலேரியா பரிசோதனை வேண்டும். இரண்டு வகைப் பரிசோதனை உண்டு. விரலில் குத்தி ஒரு பட்டையில் விடும் விரைவுப் பரிசோதனை ஒன்று. கண்ணாடிச் சில்லில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது மற்றொன்று. முடிந்தால் இரண்டும் செய்யச் சொல்லுங்கள். பட்டை, கிருமியின் புரதம் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். எத்தனை கிருமி என்பதைச் சில்லுதான் சொல்லும். முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி பாருங்கள், பிறகு மூன்றாவது முறையும். தொடக்கத்தில் கிருமி எண்ணிக்கை குறைவாக இருந்து தப்பிவிடும். எதிர்ப்பு சக்தி இல்லாதவர்களுக்கு அந்தக் குறைவான எண்ணிக்கையிலேயே காய்ச்சல் கொளுத்தும்.

மருந்துக் கடைகளில் அந்தப் பட்டை கிடைக்கும், வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் செய்யும்போது தவறுவது வழக்கம்: ரத்தம் கூடிப்போகிறது, கரைசல் துளி குறைகிறது, பெட்டியில் போட்ட நிமிடத்துக்கு முன்போ வெகுநேரம் கழித்தோ கோட்டைப் படிக்கிறார்கள், காரில் வெயிலில் கிடந்த பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். ஊர்ப்பக்கம் போகும்போது கையில் இருக்கட்டும். நகரத்தில் அது மருத்துவமனைக்கு மாற்று இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. பரிசோதிக்காமலே "மலேரியாதான்" என்று மாத்திரை கொடுத்துவிடுவது. கூடவே ஒரு விடால் பரிசோதனை செய்து "டைஃபாய்டும் இருக்கிறது" என்று ஆன்டிபயாட்டிக் எழுதுவது. ஒற்றை விடால் பரிசோதனையை நம்பி டைஃபாய்டு என்று முடிவு கட்டக் கூடாது. ரத்த வளர்ப்புப் பரிசோதனை கேளுங்கள். மலேரியா இல்லாத காய்ச்சலுக்கு மலேரியா மருந்து கொடுத்துவிட்டால் உண்மையான காரணம் மறைந்துபோகும்.

மலேரியா உறுதியானால் தான்சானியாவில் முதலில் கொடுப்பது ஆர்ட்டிமெதர்-லூமிஃபான்ட்ரின்; "ஆலு" என்பார்கள். இதில் தவறு நடப்பது நேரத்தில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மொத்தம் ஆறு வேளை. 15 கிலோவுக்குக் கீழ் உள்ள சின்னவளுக்கு வேளைக்கு ஒரு மாத்திரை, 15 முதல் 25 கிலோவுக்குள் இருக்கும் பெரியவனுக்கு இரண்டு, 35 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பெரியவர்களுக்கு நான்கு. 20 மி.கி. ஆர்ட்டிமெதரும் 120 மி.கி. லூமிஃபான்ட்ரினும் உள்ள மாத்திரைக்கு இந்தக் கணக்கு. இரவு எட்டு மணிக்கு முதல் வேளை கொடுத்தால் இரண்டாவது எட்டு மணி நேரம் கழித்து, அதாவது விடியற்காலை நான்கு மணிக்கு. மூன்றாவது மறுநாள் இரவு எட்டுக்கு. அதன்பின் காலை எட்டு, இரவு எட்டு, காலை எட்டு. அந்த நான்கு மணி வேளைதான் பலர் விட்டுவிடுவது. தூங்கும் பிள்ளையை எழுப்ப மனம் வராது. எழுப்புங்கள். வெறும் வயிற்றில் இந்த மருந்து சரியாக உறிஞ்சப்படாது, கொழுப்பு வேண்டும். ஒரு தம்ளர் பால், நெய் விட்ட சாதம், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி எதுவானாலும் சரி. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்க வேண்டும். மறுபடியும் வாந்தி என்றால் வாய்வழி மருந்து போதாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை "அடுத்த தடவைக்கு" என்று எடுத்து வைப்பவர்கள் உண்டு. பாதி மருந்தில் பாதிக் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

மூன்று நாள் கழித்தும் காய்ச்சல் இருந்தால் பட்டையை நம்பாமல் சில்லில் பாருங்கள். கிருமி செத்த பிறகும் அதன் புரதம் ரத்தத்தில் பல வாரம் இருக்கும். பட்டை "உண்டு" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கம், வலிப்பு, வேகமாக மூச்சு வாங்குதல், உட்கார முடியாத தளர்ச்சி, வெளிறிய உள்ளங்கை, கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர். இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஊசியாக ஆர்ட்டிசுனேட் போட வேண்டிய நிலை. எந்த நேரமானாலும் கிளம்ப வேண்டும். அப்போது ஊரில் இருக்கும் குடும்ப மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அங்கே இரவு எட்டு என்றால் திருச்சியில் பத்தரை.

ஊரிலிருந்து குளோரோகுயின் எடுத்துப் போகாதீர்கள். அங்குள்ள ஃபால்சிபாரம் அதற்கு அடங்குவதில்லை என்பதால்தான் தான்சானியா 2001லேயே அதை முதல்நிலை மருந்து என்ற இடத்திலிருந்து எடுத்துவிட்டது. முன்தடுப்பு மாத்திரைகள் வேறு: தினம் ஒன்றாக அடோவாகுவோன்-புரோகுவானில், அல்லது வாரம் ஒன்றாக மெஃப்ளோகுயின். வலிப்பு நோயோ மனநலப் பிரச்சினையோ இருந்தவர்களுக்கு மெஃப்ளோகுயின் கூடாது. டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை. மூன்று வருடமும் விடாமல் போடும் குடும்பங்கள் குறைவு. வீடும் வலையும் ஒழுங்காகும் வரையிலான முதல் மாதங்களிலும், நகரத்தை விட்டு வெளியே போகும்போதும், மழைக்காலத்திலும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. எடைக்கேற்ற அளவைக் குழந்தை மருத்துவரே எழுதட்டும். மெஃப்ளோகுயின் என்றால் கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். அதனால் இப்போதே போய்க் கேளுங்கள். முன்தடுப்பு மாத்திரை போட்டுக்கொண்டே காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரை என்று அங்குள்ள மருத்துவரிடம் சொல்லுங்கள். அதே மருந்தைச் சிகிச்சைக்கும் தரக் கூடாது. நீங்கள் கருவுற்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கர்ப்பத்தில் ஃபால்சிபாரம் தாயையும் சிசுவையும் ஒரே நேரத்தில் தாக்கும்.

பாரசிட்டமால் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சின்னவளுக்கு 180 மி.கி., பெரியவனுக்கு 330. நம் ஊரில் அதிகம் வாங்கும் சிரப் 5 மி.லி.யில் 250 மி.கி. கொண்டது, அதில் சின்னவளுக்கு 3.6 மி.லி. போதும். தான்சானியாவில் பரவலாகக் கிடைப்பது 5 மி.லி.யில் 120 மி.கி. மட்டுமே, அதில் அவளுக்கு 7.5 மி.லி. வேண்டும். திருச்சிக் கணக்கில் மூன்றரை கொடுத்தால் பாதி மருந்துதான் போகும், காய்ச்சல் இறங்காது, நீங்கள் பதறுவீர்கள். தலைகீழாக நடப்பதுதான் ஆபத்து: ஏழரை என்று பழகிய கை, ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்துவிட்டால் இரட்டிப்புக்கு மேல் போய்விடும். இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் கல்லீரல் கெடும். வீட்டில் ஒரே பலமுள்ள பாட்டில்தான் இருக்க வேண்டும். ஸ்பூன் வேண்டாம், அளவு போட்ட சிரிஞ்சை வைத்துக்கொண்டு அவரவர் கோட்டில் வண்ண டேப் ஒட்டுங்கள்.

மலேரியா இல்லை, ஆனால் காய்ச்சல் என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும். டார் எஸ் சலாமில் 2014லும் 2019லும் டெங்கு பெரிதாகப் பரவியது. அதனால் காரணம் தெரியும்வரை ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டும் வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரை "டாடா" என்று கூப்பிடுவார்கள், அக்கா என்று பொருள். உங்களை அவர் பெரியவன் பெயரோடு சேர்த்து "மாமா இன்னார்" என்பார். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. பிள்ளைகளுக்குச் சில நாள் வேடிக்கையாக இருக்கும். ஆனால் மருந்து விஷயத்தில் முக்கியமானது வேறு: அவர்கள் மணி எண்ணும் முறை. சுவாஹிலியில் நாளை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு "சா மோஜா", ஒரு மணி. காலை எட்டு "சா ம்பிலி", இரண்டு மணி. "சா நானே", எட்டு மணி என்றால் நம் பிற்பகல் இரண்டு மணி. நீங்கள் நல்லெண்ணத்தோடு சுவாஹிலி கற்றுக்கொண்டு, "எட்டு மணிக்கு மருந்து கொடு" என்று சொல்ல "சா நானே" என்றால், மருந்து ஆறு மணி நேரம் தள்ளிப்போகும். எப்போதும் ஆறு கூட்டவோ கழிக்கவோ வேண்டும். வாய்ச்சொல்லை நம்பாமல் ஒரு தாளில் கடிகாரப் படம் வரைந்து, முள்ளைப் போட்டு, பக்கத்தில் காலை "அசுபுஹி", பகல் "ம்ச்சானா", இரவு "உசிகு" என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். கொடுத்ததும் அவர் ஒரு கோடு போடட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, பிள்ளை உடம்பு சுட்டால் உடனே உங்களுக்குப் போன் செய்ய வேண்டும், தானாக எந்த "டவா"வும் (மருந்தும்) தரக் கூடாது என்று பேசி வைத்துவிடுங்கள். போன் செய்ததற்காக ஒருநாளும் கடிந்துகொள்ளாதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கும் வாசல் காவலருக்கும் வலை வாங்கிக் கொடுங்கள், அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் பரிசோதனைச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியது. உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, ஏனென்றால் கொசு ஓர் ஆளிடமிருந்து எடுத்துத்தான் இன்னொருவருக்குக் கொடுக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். வேலைக்குச் சேர்க்கும் முன் எச்ஐவி பரிசோதனை செய்யச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சமைப்பதாலோ குழந்தையைத் தூக்குவதாலோ அது பரவாது; கட்டாயப்படுத்துவது தவறு.

கொசுவலையில் செய்யும் பிழைகள் சிறியவை, விலை பெரிது. ஏசி அறை என்பதால் வலை வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். நள்ளிரவில் மின்சாரம் போனதும் ஜன்னலைத் திறப்பார்கள். (மின்சாரம் "லுக்கு" என்ற முன்பணம் கட்டும் மீட்டரில் ஓடும், யூனிட் தீர்ந்தாலும் போய்விடும். மாலையில் ஒருமுறை மீட்டரைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.) பூச்சிமருந்து ஏற்றிய வலையாகவே வாங்குங்கள். ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். கட்டிலைவிடப் பெரிய அளவு எடுங்கள், ஏனென்றால் வலையில் ஒட்டியிருக்கும் கையைக் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். துவைக்கும்போது சாதாரண சோப்பு, பச்சைத் தண்ணீர், நிழலில் உலர்த்தல். வெயில் பட்டால் மருந்து சிதைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் துவைக்க வேண்டாம்.

சூரியன் ஆண்டு முழுவதும் ஆறேகாலிலிருந்து ஏழுக்குள் மறைந்துவிடும். அதற்கு முன் பிள்ளைகளுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, திறந்திருக்கும் தோலில் 20 முதல் 30 விழுக்காடு டீட் (கொசுவை விரட்டும் ரசாயனம்) உள்ள களிம்பைத் தடவுங்கள். சின்னவளின் விரல்களில் வேண்டாம், வாயில் வைப்பாள். படுக்கும் முன் கழுவிவிடலாம். தேங்காயெண்ணெயில் வேப்பெண்ணெய் கலந்து தடவுவதை மட்டும் நம்பி இருக்க முடியாது. பகலில் கடிப்பது டெங்குக் கொசு. அது வளர்வது உங்கள் வீட்டுத் தொட்டியில்தான்.

தொட்டி என்று சொன்னதால் தண்ணீருக்கு வருகிறேன். குழாய் நீர் தினமும் வராத பகுதிகள் உண்டு. அதனால் வீடுகளில் தரைக்கடித் தொட்டியும் மேலே பிளாஸ்டிக் தொட்டியும் இருக்கும். லாரித் தண்ணீரும் அதில்தான் சேரும். குடிபோகுமுன் தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். பிறகு 1,000 லிட்டர் நிரப்பி, வாசனை சேர்க்காத 5 விழுக்காடு பிளீச் ஒரு லிட்டர் ஊற்றி, எல்லாக் குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடி, 12 மணி நேரம் விட்டு, முழுவதையும் வெளியேற்ற வேண்டும். வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். குடிக்கும் தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். மார்ச் முதல் மே வரையிலான "மாசிகா" மழையில் கலங்கலாக வந்தால் முதலில் துணியில் வடிகட்டிப் பிறகு கொதிக்க வையுங்கள். பல் தேய்க்கவும் அந்தத் தண்ணீர்தான். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் எழுதிய அளவு தண்ணீரை அளந்தே ஊற்றுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைத்தால் குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறிவிடும்.

துணிக்கும் ஒரு விதி உண்டு, நம் ஊரில் இல்லாதது. தும்பு ஈ என்று ஒரு ஈ. ஈரத் துணியிலும் நிழலான மண்ணிலும் முட்டையிடும். அந்தத் துணியை உடுத்தினால் புழு தோலுக்குள் புகுந்து, நடுவில் சிறு துளையோடு கட்டி போல வீங்கும். வெளியே காயும் துணி எல்லாவற்றையும், உள்ளாடை, துண்டு, படுக்கை விரிப்பு உட்பட, இரு பக்கமும் இஸ்திரி போட வேண்டும். எலாஸ்டிக் மடிப்பையும் தையலையும் விடக் கூடாது. முட்டை அங்கேதான் தப்பும். மின்சாரம் இல்லாத நாளுக்கு நம் ஊர்க் கரிப்பெட்டியே அங்கும் கிடைக்கும். கட்டி வந்துவிட்டால் அழுத்திப் பிதுக்காதீர்கள், புழு உள்ளே கிழிந்து சீழ் வைக்கும். வாசலின் கனமாகப் பூசி மூடுங்கள். மூச்சு முட்டிப் புழு மேலே வரும், அப்போது மெல்ல எடுத்துவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். துவரை அங்கே விளைந்து இந்தியாவுக்கு ஏற்றுமதியாகிறது, பெயர் "ம்பாசி". பாசிப்பயறு "ச்சொரோக்கோ", தண்டுக்கீரை இனத்துக் கீரை "ம்ச்சிச்சா", வெண்டை "பாமியா", புளி "உக்வாஜு". சின்னவளின் கஞ்சிக்குக் கேழ்வரகு "உலேசி" என்ற பெயரில் கிடைக்கும். முழுத் தானியமாக வாங்கி, கழுவி உலர்த்தி, மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளமும் வேர்க்கடலையும் கலந்து பொடித்து விற்கும் சத்துமாவை வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். ஈரத்தில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்திலும் கடலையிலும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். கொதிக்க வைத்தாலும் போகாது. 2016ல் மத்திய தான்சானியாவில் இதனால் உயிரிழப்பே நேர்ந்தது. கடலையை முழுசாக வாங்கி, சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு வீட்டில் வறுங்கள்.

மாமியாரின் இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும். விமானத்தின் சரக்கறையில் உறைந்துபோனால் பயனில்லை. மருந்துச் சீட்டில் வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் இருக்கட்டும். டிராமடால், கோடீன், தூக்க மாத்திரை இருந்தால் விமான நிலையத்தில் சிக்கல் வரலாம். தவிர்க்க முடியாதென்றால் மருத்துவர் கடிதம் வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே கடும் புழுக்கம், வெப்பம் 32 டிகிரி வரை போகும். திறக்காத குப்பிகள் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும், உறைநிலைப் பகுதியை ஒட்ட வேண்டாம். மின்சாரம் போனால் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் சில மணி நேரம் குளிர் நிற்கும். மண்பானைக்குள் வைக்கும் உபாயம் திருச்சிக் காற்றில் நன்றாக வேலை செய்யும். கடலோர ஈரக்காற்றில் தண்ணீர் ஆவியாவது குறைவதால் அவ்வளவு குளிராது. ஐஸ் பாக்கெட் போட்ட பிளாஸ்க்கில் இன்சுலினைத் துணியில் சுற்றி வைப்பதே மேல். சர்க்கரை நோயாளி என்பதால் அவரை வெறுங்காலோடு மணலில் நடக்க விடாதீர்கள்.

தடுப்பூசியில் பிள்ளைகளின் வழக்கமான அட்டவணை முடிந்திருக்க வேண்டும். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ இரண்டும் விட்டிருந்தால் போட்டுவிடுங்கள். நாய்க்கடி முன்தடுப்பு பற்றியும் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி, நீங்கள் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் பறந்து அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தான்சானியாவில் கேட்கப்படும். கென்யாவுக்குச் சுற்றுலா போய்விட்டு ஆறு நாளுக்குள் இந்தியா வந்தால் இங்கே கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் ஆய்வு நிலையத்தில் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியின் பக்கவிளைவு ஆபத்து சற்று அதிகம். அதனால் மாமியார் நேரடியாகவோ வளைகுடா வழியாகவோ வருவது நல்லது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அடுத்த கோடையில் விடுமுறைக்குத் திருச்சி வருவீர்கள். வந்த பத்தாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பக்கத்துக் கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்றோ டெங்கு என்றோதான் முதலில் நினைப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குழந்தை என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கொசு அங்கே கடித்திருக்கும், காய்ச்சல் இங்கே வரும். ஊர் திரும்பிய மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சலானாலும், மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: "தான்சானியாவிலிருந்து இந்தத் தேதியில் வந்தோம். இன்றைக்கே ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும்." மாமியார் உங்களுக்கு முன்பே திரும்பிவிடுவார் என்பதால், இதே இரண்டு வரியையும் பயணத் தேதியையும் ஒரு தாளில் எழுதி, அவருடைய சர்க்கரை நோய்க் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள்.